முந்திச் சொன்னவன்

அல்கானேஷ் கெய்ரோவிலிருந்து அஸ்வானுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே அதைச் சொன்னாள்.

மெர்ஹாவி சுவரோரம் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். நான்கு தெரு தள்ளி ஓர் அறையில் மூன்று பேரோடு இருக்கிறான். சாப்பாடு மட்டும் மனைவியின் அக்கா அல்கானேஷ் வீட்டில். கத்தி நிற்கவில்லை.

"இப்ப எதுக்குக்கா?"

"எதுக்கா? என் தங்கச்சி ரெண்டரை மாசமா அஸ்வான் ஜெயில்ல கெடக்கா. நீயும் வக்கீலு வக்கீலுங்கிற. யாரு அந்த வக்கீலு? பேரு என்ன? மொட்டையா, தாடியா? ஒரு நாளு கண்ணுல காட்டுனியா?"

"உங்க அகதி கார்டு தேதி முடிஞ்சு போச்சு. ரயில்ல செக் பண்ணுவாங்க."

"பண்ணட்டும். புடிச்சா எங்க கொண்டுபோய்ப் போடுவான்? அஸ்வான் ஜெயில்லதான? நல்லதாப் போச்சு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே கொட்டடில கெடந்துட்டுப் போறோம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிடித்தால் கொட்டடியோடு போகாது, எல்லை தாண்டி, அவர்கள் தப்பி வந்த, சண்டை நடக்கிற பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும். தொக்கி பகுதியில் வீட்டு வேலை செய்கிற இடத்தில் லீவு கேட்டிருக்கிறாள். போனால் திரும்பி வராதே என்று அந்த வீட்டு அம்மாள் சொல்லிவிட்டாள். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக் காட்டினாள். வறுத்த பார்லி, மிளகாய்ப்பொடி, ஒரு கம்பளி.

"இந்தக் கம்பளி போதுமா? அவளுக்குக் குளிர் தாங்காது."

"போதும்" என்றான் மெர்ஹாவி.

அவன் மனைவி ரஹ்வா அஸ்வானில் இல்லை. எந்தச் சிறையிலும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், பாலைவனத்தில், அபு ஹமது ஊருக்கு வடக்கே எங்கோ, பெயரில்லாத ஒரு மேட்டில், கற்களுக்கு அடியில் கிடக்கிறாள். நாற்பத்திரண்டு நாளாக இது அவனுக்குத் தெரியும்.

கெய்ரோவுக்குத் தனியாக வந்து இறங்கிய அன்று அஸ்வான் சிறை என்று சொன்னது முழுப் பொய் இல்லை என்று அவன் நினைத்துக்கொள்வதுண்டு. அன்று எதுவும் தெரியாது. பின்னால் வருகிற ஏதாவது வண்டியில் வந்துவிடுவாள், அதுவரை சொல்ல ஒரு இடம் வேண்டும். அஸ்வான் என்றான். பிறகு மெப்ராத் வந்தாள். வழியில் ரஹ்வாவோடு கடைசி வரை இருந்தவள். விசாரித்து அவன் அறையைத் தேடி வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தபடி, ரஹ்வா இறந்ததைச் சொன்னாள். எழுந்து போகும்போது, "நீ புருஷன். முறையாச் சொல்ல ஏற்பாடு பண்ணு. கூப்பிடு, வரேன்" என்றாள்.

அவன் கூப்பிடவில்லை.

அவர்கள் ஊர் வழக்கத்தில் சாவைப் போனில் சொல்வதில்லை. தனியாள் தனியாளிடம் போய்ச் சொல்வதும் இல்லை. அக்கம்பக்கத்தார் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து, விடிகிற நேரத்தில், ஆள் வேலைக்குக் கிளம்பும் முன் கதவைத் தட்ட வேண்டும். விழாமல் பிடித்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். இதற்கு மெர்தி என்று பெயர். நெருங்கிய சொந்தம் வாய் திறக்காது. பார்த்த சாட்சி உடன் வந்து, எப்படி, எங்கே, யார் மண் போட்டது என்று சொல்ல வேண்டும்.

சாட்சி மெப்ராத் ஒருத்திதான். அன்று வரிசையில் ரஹ்வாவுக்கு அடுத்து நின்றவளும் அவள்தான். அவன் சொன்னதை அவள் காதால் கேட்டாள்.

நாற்பத்திரண்டு நாள் ஓடியதற்குக் காரணம் அதுதான். வேறு காரணம் எதுவும் இல்லை.

*

புதன்கிழமை காலை ஸெவ்தியின் வீட்டுக்குப் போனான். ஸெவ்தி இன்ஜெரா என்ற புளித்த மாவு ரொட்டி சுட்டு விற்கிறவள். ஐம்பது வயது. அவர்கள் குடியிருக்கும் அர்த் எல்-லிவாவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முன்னால் நிற்கிறவள். முடிவெட்டும் ஹத்கு அங்கே உட்கார்ந்து காலைச் சாப்பாட்டில் இருந்தார்.

"வாடா மாப்பிள்ளை. முடியப் பாரு, ஆட்டுக்குட்டி மாதிரி. இன்னிக்கி கடைக்கு வா, காசு வேணாம்" என்றார் ஹத்கு.

"அம்மா, ஒரு மெர்தி சொல்லணும்" என்றான் மெர்ஹாவி ஸெவ்தியிடம்.

ஹத்கு சாப்பிடுவதை நிறுத்தினார். ஸெவ்தி மாவு ஊற்றுவதை நிறுத்தவில்லை. வட்டம் முடித்து மூடிவிட்டுத் திரும்பினாள்.

"யாருக்கு?"

"அல்கானேஷுக்கு."

"யாரு?"

"ரஹ்வா."

தட்டு மூடியின் ஓரத்தில் ஆவி வந்தது. யாரும் மூடியை எடுக்கவில்லை.

"எப்ப?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நாப்பத்திரண்டு நாளா."

"நாப்பத்திரண்டு நாளா?" என்றார் ஹத்கு. "அவ வீட்டுலதானடா தெனமும் சாப்புடுற? அவ மூஞ்சியப் பாத்துட்டே சாப்புட்டியா?"

"ஆமா."

"நீ சும்மா இருய்யா" என்றாள் ஸெவ்தி. "தம்பி, யாரு பாத்தா? பாத்த ஆளு இல்லாம நான் வர மாட்டேன். முன்னாடி ஒருத்தன் செத்துட்டான்னு சொன்னோம். பந்தல் போட்டாச்சு, பன்னெண்டு நாளு அழுதாச்சு. ஏழு மாசம் கழிச்சு அவன் பெங்காசிலேர்ந்து போன் பண்றான், அம்மா நல்லா இருக்கியான்னு. அவங்கம்மா இன்னிக்கும் என்னைப் பாத்தா எதிர் பக்கம் போறா."

"மெப்ராத்னு ஒருத்தி. ஃபைசல்ல இருக்கா. அவதான் கல்லு போட்டு மூடினா."

ஸெவ்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

மெர்ஹாவி ஆவி வருகிற மூடியைப் பார்த்தான். பயம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சின்னப் பையன், மனைவியைப் பறிகொடுத்தவன், சொல்ல வாய் வரவில்லை. அவன் தோளைத் தட்டினாள். அவள் நினைத்ததை அவன் திருத்தவில்லை.

"நாளைக்கு விடிய அஞ்சு மணிக்கு. எட்டு மணி வண்டிக்கு அவ போகக் கூடாது. நீ அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா."

இன்ஜெரா கருகியிருந்தது. எடுத்து ஓரமாகப் போட்டாள்.

*

மெப்ராத் ஃபைசல் பகுதியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் ஆறு பெண்களோடு இருந்தாள். முன்பு பார்த்ததைவிட உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. பாலைவன வெயிலில் உரிந்த மூக்கு மட்டும் இன்னும் இரண்டு நிறமாக இருந்தது.

"நாளைக்கு விடியக்காலம்" என்றான்.

"ஒருவழியா வந்துட்ட. கூப்பிடாமயே விட்டுடுவியோன்னு நெனச்சேன்."

"அவங்க அஸ்வானுக்குக் கெளம்பிட்டாங்க."

"ஓ. அதனாலயா?"

அவன் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்கத்தான் வந்திருந்தான். கேட்டான்.

"எல்லாத்தையும் சொல்லுவியா?"

"எல்லாம்னா?"

"அந்தக் கெணத்துக்கிட்ட நடந்தது."

மெப்ராத் உள்ளே பார்த்து யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். அவனுக்காக அதைச் செய்தாள்.

"அவ எப்படிச் செத்தா, யாரு மூடுனாங்க. அதுக்குத்தான் என்னைக் கூப்புடுறாங்க. அத நான் சொல்லுவேன். கெணத்துல இருந்த அந்த ஒம்பது நாளு என் கதையும்தான், அத யாருக்கும் சொல்ல மாட்டேன். மத்தது உன்னோடது."

நன்றி என்று சொல்ல வாயெடுத்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது மைக்ரோபஸ்ஸில் கடைசி வரிசை கிடைத்தது. நான்கு பேர் இடத்தில் ஐந்து பேர்.

அவர்கள் கிளம்பி வந்த கார்ட்டூமில், ஜெரிஃப் பகுதியில் அவர்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. இந்தப் பாலைவன வழியில் கிளம்புகிறவன் கல்யாணத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் என்று தெரிந்தால் பிடித்து வைப்பவனுக்கு அது கயிறு. ஒரு நுனியை இழுத்தால் மறு நுனி தானாக வரும். அவளைக் கேட்க வைத்து இவனை அடிப்பான். இவனைப் பார்க்க வைத்து அவளை. லிபியா வழியில் போனவர்கள், சினாயில் மாட்டியவர்கள், எல்லோரும் இதையே சொல்லி அனுப்பினார்கள். மோதிரத்தை உள்பாவாடை மடிப்பில் தைத்துக்கொள். தரகரிடம் தனித்தனியாகப் பெயர் கொடு. வண்டியில் ஒட்டி உட்காராதே. கேட்டால் தெரியாது என்று சொல்.

கல்லூரியில் படித்தவன் என்பதால் மெர்ஹாவி அதை விதியாகவே எழுதிக்கொண்டவன் போல ரஹ்வாவுக்குப் பாடம் நடத்தினான். இரண்டு நாள். அவனாகக் கேள்வி கேட்டு, அவளைப் பதில் சொல்ல வைத்து.

"இவன் யாரு?"

"தெரியாதுங்க."

"சிரிக்காம சொல்லு."

"தெரியாதுங்க. பாக்கவே சகிக்கல, இவனை யாரு கட்டுவா?" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். "விவாகரத்து இவ்ளோ ஈசின்னு தெரிஞ்சிருந்தா போன வருஷமே பண்ணிருப்பேன்."

பாலைவனத்தில் தங்கம் தோண்டும் கிணறுகள் இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். பிற்பகல். துப்பாக்கியோடு ஏழு பேர். டிரைவர் இறங்கிப் போய் நிழலில் சிகரெட் பற்றவைத்தான்; அவனுக்கு இது புதிதில்லை. எல்லோரையும் இறக்கி நிற்க வைத்தார்கள். பல் குச்சியை வாயில் வைத்திருந்த ஒருவன் சொன்னான்: "புருஷன் கூட வந்தவ புருஷன் பக்கத்துல போயி நில்லு. சீக்கிரம். கெணத்துல சமையலுக்கு ஆளு வேணும்."

நான்கு பெண்கள். நியாலாவிலிருந்து வந்த ஒருவன் அந்த நிமிடமே நடந்துபோய்த் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான். அந்த இரண்டு பேரையும் போ என்று தலையசைத்து வண்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

மெர்ஹாவி அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, இது வலை என்று நினைத்தான். அவர்களை வண்டியில் ஏற்றித் தனியாக வைத்துப் பிறகு அடிக்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டான். படித்த மூளை. வேறு எதையும் யோசிக்க அதற்குத் தெரியவில்லை. யோசித்தது மூளையா, பயமா என்பது இன்று வரை அவனுக்கு நிச்சயமில்லை.

பல் குச்சிக்காரன் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தான். மெர்ஹாவியின் கண் போன இடத்தைப் பார்த்தான். அங்கே ரஹ்வா நின்றாள். திரும்பி வந்து இவன் முன்னால் நின்றான்.

"இவ உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு இவளைத் தெரியாது" என்றான் மெர்ஹாவி, இலக்கணச் சுத்தமான அரபியில்.

பல் குச்சிக்காரன் ரஹ்வாவிடம் போனான். "உனக்கு?"

அவள் மெர்ஹாவியைப் பார்த்தாள். கேட்கிற பார்வை. இதுதானா, இதையே சொல்லவா, இப்போதும் இதுதானா? அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்கும் தெரியாது" என்றாள் ரஹ்வா. பாடம் சரியாக வந்திருந்தது.

மூன்று பெண்களை நிறுத்திக்கொண்டு வண்டியை விட்டார்கள். வண்டியில் இடம் அதிகமாகியிருந்தது. காலை நீட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நீட்டிக்கொண்டான். முதல் அரை மணி நேரம் மரத்துப்போன காலுக்கு அது சுகமாக இருந்தது.

*

வியாழக்கிழமை ஐந்து மணிக்குத் தண்டவாளத்தை ஒட்டிய முனையில் பதினொரு பேர் கூடினார்கள். பெண்கள் வெள்ளை மேல்துணியின் கரையைத் துக்கத்துக்குப் போடுவதுபோல் திருப்பிப் போட்டிருந்தார்கள். மெப்ராத் வந்திருந்தாள். ஹத்கு கையை உரசிக்கொண்டு தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்.

"கதவு எதுன்னு சரியாப் பாத்துக்கோங்க. ஒரு தடவ நம்ம ஊர்ப் பக்கம், கெரென்ல, தப்பான கதவத் தட்டிட்டோம். கெழவன் ஒருத்தன் தொறந்தான். எங்க கூட்டத்தப் பாத்த ஒடனே விழுந்து அழ ஆரம்பிச்சுட்டான். ஒவ்வொரு பேராச் சொல்லி அழுறான். மூணு பையனுங்க பட்டாளத்துல. உங்க வீடு இல்லய்யான்னு அவனுக்குப் புரிய வைக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு."

"வாய மூடுய்யா" என்றாள் ஸெவ்தி.

அல்கானேஷ் கதவைத் திறந்தபோது முழுதாக உடுத்தியிருந்தாள். தலை சீவி, காலணி போட்டு, தோளில் பை. முன்னால் நின்ற ஸெவ்தியைப் பார்த்தாள். பின்னால் இருந்தவர்களைப் பார்த்தாள். துணிக்கரையைப் பார்த்தாள். கடைசியில் மெர்ஹாவியிடம் வந்து நின்றது பார்வை.

"தம்பி, இவங்களப் போகச் சொல்லு" என்றாள். "எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

இரண்டு பெண்கள் அவளை இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள்.

"போகச் சொல்லு மெர்ஹாவி. எனக்கு வண்டி இருக்கு."

"அல்கானேஷ்," என்றாள் ஸெவ்தி, "உன் தங்கச்சி ரஹ்வா ஆண்டவன்கிட்ட போயிட்டாம்மா."

அதற்குப் பிறகு சத்தம்தான். மாடியில் எகிப்துக்காரர்கள் கதவு திறந்தார்கள். எதிர் வீட்டு அம்மாள் என்ன ஏது என்று கேட்காமலே ஒரு குடம் தண்ணீரும் நான்கு நாற்காலியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலைத்துணி நுனியால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். மெத்தைகளைத் தரையில் போட்டார்கள். நாற்காலிகள் ஆண்களுக்குப் போயின. மெர்ஹாவியைப் புருஷன் இடத்தில், மெத்தையில், அல்கானேஷுக்கு எதிரில் உட்கார வைத்தார்கள்.

அழுகை சற்று அடங்கியதும் மெப்ராத் சொன்னாள். தங்கக் கிணற்றில் ஒன்பது நாள் வேலைக்கு வைத்திருந்ததை ஒரே வரியில் கடந்தாள். வடக்கே போகிற ஒரு வண்டியில் ஏற்றிவிட்டதை, தூரத்தில் ரோந்து வெளிச்சம் கண்டதும் டிரைவர் அதிலிருந்த பதினொரு பேரையும் இறக்கி, அந்தக் குன்றுக்குப் பின்னால் நில்லுங்கள் வருகிறேன் என்று சொல்லிப் போய்த் திரும்பாததை, தண்ணீர் இல்லாமல் இரண்டாம் நாள் உச்சியில் ரஹ்வா உட்கார்ந்ததை, உட்கார்ந்தவள் எழவில்லை என்பதைச் சொன்னாள். கற்களைத் தன் கையாலேயே அடுக்கியதைச் சொன்னாள். நகங்களைக் காட்டினாள்.

அல்கானேஷ் அந்தக் கைகளைப் பிடித்து முத்தமிட்டாள். பிறகு கேட்டாள். "இவன்? இவன் எங்க இருந்தான்?"

மெப்ராத் அவன் பக்கம் திரும்பவில்லை. "ஆம்பளைங்கள முன்னாடியே ஏத்தி அனுப்பிட்டாங்க. கிணத்துக்கிட்ட பிரிச்சுட்டாங்க."

அதில் பொய் எதுவும் இல்லை.

அல்கானேஷ் முழங்காலால் நகர்ந்து வந்து அவன் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். "நீ ஒத்த ஆளு என்னடா பண்ணுவ? துப்பாக்கி வச்சிருக்கவன்கிட்ட நீ என்ன பண்ணுவ? இத மனசுல வச்சுக்கிட்டா இவ்ளோ நாளா என் சோத்தத் தின்ன? எப்படிடா தாங்குன?"

அவள் தலைமுடியில் எண்ணெய் வாசம் இருந்தது. ரஹ்வாவும் அதே எண்ணெய்தான்.

"நான்தான் விட்டேன்" என்றான் மெர்ஹாவி. "கேட்டான். எனக்கு இவளத் தெரியாதுன்னு சொன்னேன். நான்தான் அவளைக் கொன்னேன்."

அறையில் அழுகை திரும்பவும் ஏறியது. பெண்கள் அவனுக்காகவும் அழுதார்கள். ஹத்கு நாற்காலியை விட்டு இறங்கி வந்து பின்னாலிருந்து அவன் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார், மார்பில் அடித்துக்கொள்ளாமல் இருக்க.

"அழுதுடு மாப்பிள்ளை. எல்லா ஆம்பளையும் இதத்தான் சொல்லுவான். என் பொண்டாட்டி சர்க்கரையிலதான் போனா. நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு நானும் தரையில மோதிக்கிட்டேன். அழுதுடு."

அவர் கைக்குள் அவன் கைகள் சும்மா இருந்தன. அடித்துக்கொள்ளும் எண்ணமே அவற்றுக்கு இல்லை. சொல்லியாயிற்று, என்று நினைத்தான். பதினொரு பேர் முன்னால், உரக்க, வார்த்தை பிசகாமல். இனி மறைத்தான் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் அது அவன் குற்றமா? அப்படியே விட்டுவிடலாம். நெஞ்சு லேசாகும் என்று பார்த்தான். வண்டியில் காலை நீட்டிக்கொண்டபோது இருந்த அதே சுகம் வந்தது.

அல்கானேஷின் அழுகை நின்றிருந்தது. அவள் தலையைப் பின்னுக்கு இழுத்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் காய்ந்திருந்தது. ஒப்பாரியில் சொல்கிறவனுக்குக் கண் அப்படி இருக்காது.

"திரும்பச் சொல்லு" என்றாள்.

"அவன உடும்மா இப்ப" என்றாள் ஸெவ்தி.

"நீங்க இருங்க. திரும்பச் சொல்லு."

ஹத்கு கைகளை விட்டார்.

சொன்னான். பல் குச்சிக்காரனை, நியாலாக்காரன் நடந்து போனதை, நான்கு பெண்களை. ஆபீஸில் குமாஸ்தா கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் வரிசையாக. யாரும் இப்போது அழவில்லை. எதிர் வீட்டு அம்மாளுக்கு மொழி புரியாது. அவளும் அழுகையை நிறுத்திவிட்டு எல்லோர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"புருஷன் இருக்கவள விட்டாங்க" என்றாள் அல்கானேஷ்.

"ஆமா."

"அத நீ பாத்த."

"பாத்தேன்."

"அவகிட்டயும் கேட்டானா?"

"கேட்டான். அவளும் தெரியாதுன்னா."

"முந்தி சொன்னது யாரு?"

மெர்ஹாவி மெப்ராத்தைப் பார்த்தான். அவள் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்" என்றான். "அவ சொல்றதுக்கு முன்னாடி என்னைப் பாத்தா. நான் கீழ பாத்துட்டேன்."

யாரோ ஒருத்தி, "இவன வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஹத்கு அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

"போகக் கூடாது" என்றாள் அல்கானேஷ். குரல் உடைந்து கரகரத்திருந்தது. "எங்க போவான்? பன்னெண்டு நாளு இங்கதான் இருக்கணும். இந்த மெத்தையில. வர்றவங்க எல்லாரும் அவ எப்படிப் போனான்னு கேப்பாங்கல்ல?"

கேட்பார்கள். அதுதான் முறை. துக்கத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றி, அழுது, உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

"இவன் சொல்லட்டும்" என்றாள். "இப்பச் சொன்ன மாதிரியே. ஒண்ணு விடாம."

காலணியை அவிழ்த்து மூலையில் வைத்தாள். பையைத் தோளிலிருந்து எடுத்து ஸெவ்தியிடம் கொடுத்துவிட்டு அவனுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவனிடம் அவள் பேசவில்லை.

எட்டு மணி வாக்கில் முதல் ஆட்கள் வந்தார்கள். மேல் தெருவில் இருக்கும் புருஷன் பெண்டாட்டி. மெர்ஹாவிக்கு முன்பின் அறிமுகமில்லை. வாசலில் அழுதார்கள். அல்கானேஷைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு மெத்தையின் நுனியில், ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்து, அந்த மனிதன் கேட்டான்:

"எப்படிம்மா நடந்துச்சு?"

மெப்ராத் வாய் திறந்தாள். அல்கானேஷ் அவள் முழங்காலில் கை வைத்தாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். மெர்ஹாவி தரையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான், அவள் பக்கத்தில் இருந்த அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தான்.

"நான் அவ புருஷன்" என்று ஆரம்பித்தான்.